கழுதைக்குச் சிறகு முளைத்த கதை தெரியுமா? - புதுவாயல் டு கோவை, ஒரு கால்பந்துப் பயணம்!

புதுவாயல் என்று சொன்னால் 'ஓ... அந்தத் திருப்பமா?' என்றுதான் பலரும் கேட்பார்கள். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் வந்தால், ஆரணி வழியாகப் பெரியபாளையத்துக்குப் பிரியும் கூட்டுச்சாலை. பட்டுப்புடவை ஆரணி வேறு; இது ஆரணி ஆற்றங்கரை ஆரணி. ஆடி மாதம் பிறந்துவிட்டால் பவானி அம்மனைப் பார்க்கப் போகும் வேன்கள் வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டு இங்கேதான் திரும்பும். மற்ற மாதங்களில் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும்தான் ஊரின் ஊர்வலம்.

வடக்கே கவரைப்பேட்டை, அதற்கும் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களும் இருப்பார்கள். அசாம், ஒடிசா, பீகார் என்று நாட்டின் மறுமுனையிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், இன்னும் வேலி போடாத மனை ஒன்று கிடைத்தால் போதும். நான்கு செருப்புகளை வைத்தால் இரண்டு கோல் போஸ்ட். அசாம் பையன் பாஸ் கொடுக்க, நம்ம ஊர்ப் பையன் கோல் அடிப்பான். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. 'பாஸ்', 'கோல்', 'ஹேண்ட்' என்ற மூன்று வார்த்தைகளில் ஆட்டம் முடிந்துவிடும்.

பெருநகரத்தின் ஓரத்தில் கிடக்கும் இப்படி ஒரு சின்ன ஊருக்குக் கால்பந்தில் என்ன பெரிய எதிர்காலம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அதற்குப் பதிலாக ஒரு கழுதைக் கதை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு ரயில் ஏறுவோம்.

இத்தாலியின் ஓரத்து ஊர்

இத்தாலியின் வடக்கே வெரோனா என்று ஒரு நகரம். ரோமியோ ஜூலியட் கதை நடந்ததாக ஷேக்ஸ்பியர் எழுதினாரே, அதே வெரோனா. அந்த நகரத்தின் மேற்கு ஓரத்தில், அடிஜே ஆற்றங்கரையில் ஒரு பகுதி கியெவோ. மக்கள்தொகை சில ஆயிரம்தான். 1929-ல் அங்கே ஒரு கால்பந்து அணி தொடங்கினார்கள். வெகு காலம் அது உள்ளூர் லீக்குகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கிறிஸ்துமஸ் கேக் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் குடும்பம் அணியைக் கையில் எடுத்தது. அணி படிப்படியாக மேலே ஏறியது.

வெரோனாவின் பெரிய அணியான ஹெல்லாஸின் ரசிகர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. 'நீங்களும் நாங்களும் முதல் டிவிஷனில் மோத வேண்டுமென்றால், முதலில் கழுதை பறக்க வேண்டும்' என்று கிண்டலடித்தார்கள். 2001-ல் கியெவோ முதல் டிவிஷனான சீரி ஏ-வுக்குள் நுழைந்தது. அந்த முதல் சீசனிலேயே ஐந்தாம் இடம்! கிண்டல் செய்தவர்களே வாயடைத்துப் போனார்கள். கியெவோ ரசிகர்களோ கோபித்துக்கொள்ளாமல் அந்தக் கிண்டலையே பட்டப் பெயராக்கிக்கொண்டார்கள். 'பறக்கும் கழுதைகள்' என்றால் இன்றும் உலகக் கால்பந்து ரசிகர்களுக்கு அது கியெவோதான்.

2006-ல் இன்னும் பெரிய ஆச்சரியம். நடுவர் நியமனத்தில் தலையிட்ட ஊழல் வெடித்து, யுவென்டஸ் உள்ளிட்ட பெரிய அணிகளுக்குத் தண்டனை கிடைத்தது. ஏழாவதாக முடித்திருந்த கியெவோ நான்காம் இடத்துக்கு உயர்ந்தது. ஐரோப்பாவின் உச்சத் தொடரான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. எதிரணி பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோபியா. அங்கே போய் 0-2 தோல்வி, சொந்த ஊரில் 2-2 சமன். வாசல் வரை போனார்கள். உள்ளே போக முடியவில்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கியும் விட்டார்கள்.

சரி, இத்தாலியை விடுவோம். இப்படி ஒரு கதை நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கவரைப்பேட்டையில் ஏறி...

புதுவாயலுக்குப் பக்கத்து ரயில் நிலையம் கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று வடசென்னையின் முதுகெலும்பு வழியாகவே சென்ட்ரலுக்குக் கொண்டுபோய் விடும். பேசின் பிரிட்ஜ் நெருங்கும்போது ஒரு நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பக்கத்தில்தான் வியாசர்பாடி. கால்பந்து என்றால் சோறு தண்ணீர் மறக்கும் பேட்டை. 2019 தீபாவளிக்கு வந்த 'பிகில்' படத்தில் நாம் கைதட்டிப் பார்த்த வடசென்னைக் கால்பந்து, இங்கே படத்துக்கு முன்பும் பின்பும் நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

சென்ட்ரலில் இருந்து கோவைக்குப் பகலில் கோவை எக்ஸ்பிரஸ், இரவில் சேரன் எக்ஸ்பிரஸ். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு சேரன்தான் வசதி. படுத்துத் தூங்கி எழுந்தால் கோவைக் காற்று முகத்தில் அடிக்கும். அன்னபூர்ணாவில் இட்லி, சாம்பாரை முடித்துக்கொண்டு ஆட்டோவிடம் 'வ.உ.சி. பூங்கா பக்கம், நேரு ஸ்டேடியம்' என்று சொன்னால் சில நிமிடங்களில் இறக்கிவிட்டுவிடுவார்.

வெளியே சுற்றிலும் கடைகள். உள்ளே பெரிய கேலரி, ஓட்டப்பந்தயத் தடம், நடுவில் பச்சைப் புல். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இது வெறும் மைதானம். ஆனால் 2019 மார்ச் 9, சனிக்கிழமை இந்தப் புல்வெளியில் நடந்ததைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கொஞ்சம் சிலிர்க்கும்.

எட்டாம் இடத்திலிருந்து கோப்பைக்கு

சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஓர் அணி. 2016-17 சீசனில் ஐ-லீக்குக்கு வந்தது. பத்து அணிகளில் எட்டாம் இடம். அடுத்த சீசனில் சென்னையை விட்டுக் கோவைக்குக் குடிபெயர்ந்தது. அப்போதும் எட்டாம் இடம்தான். பெயரில் சென்னை, வீடு கோவையில். சென்னைக்காரர்களுக்கு ஐ.எஸ்.எல். ஆடும் சென்னையின் எஃப்.சி. இருந்தது. இந்த அணியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

2018-19-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து அதிகம் பேர் அறியாத சில வீரர்களையும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் தமிழ்நாட்டு வீரர்களையும் சேர்த்து ஓர் அணியை உருவாக்கினார். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுத் துரத்தும் பழக்கத்தை விட்டு, காலுக்குக் கால் பாஸ் கொடுத்து ஆடினார்கள். பெட்ரோ மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல்கள் அடித்தார். கடைசி ஆட்டம் வந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளிகளுடன் முதலிடம். ஒரே ஆட்ட தூரத்தில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், 39 புள்ளிகள். லட்சக்கணக்கான ரசிகர்கள், நூறாண்டைத் தொடும் பாரம்பரியம்... அப்படிப்பட்ட அணி மூச்சு விடுவது பின்கழுத்தில் படுகிறது!

கோவையில் எதிரணி நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடுகிறது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. முதல் பாதி முழுவதும் கேலரியில் நகம் கடிக்காதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் பாதியில் பெனால்டி. மான்சி தவறவிடவில்லை. 1-1. ஆனால் சமன் போதாது. அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். அப்போதுதான் கௌரவ் போரா வந்தார். கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை; தடுப்பதுதான் வேலை. அவர் ஒன்றல்ல, இரண்டு கோல்கள் அடித்தார். 3-1! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தும் பயனில்லை. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் கோப்பையை வென்றது அதுதான் முதல் முறை.

கௌரவ் போரா எந்த ஊர்க்காரர் தெரியுமா? அசாம். புதுவாயல் மனையில் நம் பையன்களுக்கு பாஸ் கொடுக்கிறானே, அந்தப் பையனின் மாநிலம். பிழைக்க வந்தவர்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டுக்கு அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து சேர்த்த இரண்டு கோல்கள் அசாம்காரர் ஒருவர் அடித்தவை.

போகியன்று ஒரு சர்வதேச ஆட்டம்

ஐ-லீக் சாம்பியனுக்கு அப்போது ஒரு பெரிய பரிசு உண்டு. ஐரோப்பாவுக்கு சாம்பியன்ஸ் லீக் போல, ஆசியாவுக்கும் ஒரு சாம்பியன்ஸ் லீக் இருக்கிறது. சவுதி, ஈரான், ஜப்பான், கொரியா என்று பெரிய தலைகள் மோதும் தொடர். அதன் தகுதிச் சுற்றில் ஆட சென்னை சிட்டிக்கு இடம் கிடைத்தது. ஐ-லீக் வழியாக அந்தத் தொடரின் வாசலுக்குப் போன கடைசி அணியும் அதுதான். அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு ஐ.எஸ்.எல். பக்கம் போய்விட்டது.

2020 ஜனவரி 14. தமிழ்நாட்டில் போகி. எதிரணி பஹ்ரைனின் அல் ரிஃபா. சொந்த மண் ஆட்டம் என்று பட்டியலில் இருந்தது. ஆனால் நடந்தது கோவையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. குஜராத்தின் அகமதாபாத்தில்! கோப்பை வென்ற நாளில் கத்தித் தீர்த்த கோவை ரசிகர்கள், தங்கள் அணியின் வாழ்நாள் ஆட்டத்தைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. 0-1 என்று தோல்வி. ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

அந்த ஆட்டம் கோவையில் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆசியாவின் உச்சத் தொடரைத் தங்கள் ஊர் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அந்த நஷ்டத்தை ஸ்கோர் போர்டு காட்டாது.

ஆசியாவின் அடுத்த நிலைத் தொடரான ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மசியா அணியுடன் 2020 மார்ச்சில் 2-2 சமன். பிறகு கொரோனா வந்தது. தொடரே ரத்தானது. அடுத்த ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. 2019-ல் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் அணி 26 சதவிகிதப் பங்கு வாங்கிய அணி அது. கோப்பை வென்ற இரண்டே ஆண்டுகளில் லீக்கிலிருந்தே மறைந்துவிட்டது.

கழுதை மீண்டும் பறந்தது

விந்தை என்னவென்றால், அதே 2021-ல்தான் இத்தாலியின் கியெவோவும் மறைந்தது. வரி பாக்கி காரணமாக லீக்கிலிருந்து நீக்கினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த அணிக்குப் பல ஆண்டுகள் கேப்டனாக இருந்த செர்ஜியோ பெலிசியர், சும்மா இருக்கவில்லை. வேறு பெயரில் ஒரு புதிய அணியைத் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஆட வைத்தார். 2024-ல் கியெவோவின் பழைய பெயரும் சின்னமும் ஏலத்துக்கு வந்தபோது, ரசிகர்களின் துணையோடு அதை மீட்டார். இன்று கியெவோ என்ற பெயரில் மறுபடியும் ஓர் அணி ஆடுகிறது. சாம்பியன்ஸ் லீக்கில் அல்ல, கீழ்மட்டத்தில். ஆனால் அது உயிரோடு இருக்கிறது.

பெரிய தொடரின் வாசல் வரை போவதற்கு ஒரு நல்ல சீசன் போதும். அதற்குப் பிறகும் நிலைத்து நிற்க, 'இது எங்க அணி' என்று சொல்லும் ஊரும், அந்த ஊருக்குள் ஒரு மைதானமும் வேண்டும். கியெவோவுக்கு அந்த ஊர் இருந்தது. பெயரில் ஓர் ஊரும் முகவரியில் ஓர் ஊருமாக இருந்த சென்னை சிட்டி விழுந்தபோது, தாங்கிப் பிடிக்க யார் வருவது?

அதனால் கோவைக்குப் போகிறவர்கள் நேரு ஸ்டேடியத்துக்குள் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். போட்டியோ பயிற்சியோ நடக்கிறதா என்று வாசலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கேலரியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்த மார்ச் மாத சனிக்கிழமையின் கதையைச் சொல்லுங்கள். இரண்டு கோல் அடித்த அசாம்காரரின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வேலையும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் குடோன்களும் வீட்டு மனைகளும் வேகமாக நிலத்தை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. இன்று செருப்பை கோல் போஸ்ட்டாக வைத்து ஆடும் இடத்தில் அடுத்த வருடம் காம்பவுண்ட் சுவர் எழும்பலாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கோடு சேர்த்து, 'எங்க பிள்ளைங்க விளையாட ஒரு மைதானத்தை அளந்து ஒதுக்குங்க' என்று எழுந்து கேளுங்கள். மனுவாகவும் எழுதிக் கொடுங்கள். கழுதை பறக்க வேண்டுமென்றால், முதலில் அது ஓடிப் பழக ஓர் இடம் வேண்டுமே!