பின்கதவு தாங்கும் சுமை

"ஆசானே, பின்கதவுக்கு உள்ளால முழுக்க செக்கர் பிளேட் அடிச்சுத் தாரும். இனி நெளியப்பிடாது." குமரி மாவட்டம் களியக்காவிளைச் சந்தைக்கு ஓடும் பிக்கப் வண்டிக்காரர்கள் பட்டறையில் வந்து இறங்கியதும் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். நான் உடனே தகடு வெட்டப் போவதில்லை. கதவு எங்கே கெட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். நடுப்பகுதியில் நெளிவு குறைவாகத்தான் இருக்கும். மேல் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். அடியில் கீல் பற்றிய இடம் கிழிந்திருக்கும். சங்கிலி மாட்டும் கொண்டியைச் சுற்றி வெடிப்பு ஓடியிருக்கும். உள்ளே அடிக்கும் செக்கர் பிளேட் இந்த மூன்று இடத்துக்கும் உதவாது.

உதவாததோடு கெடுக்கவும் செய்யும். 3 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ. ஐந்தரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள கதவில் அடித்தால் 15 கிலோ கூடிவிடும். செக்கர் பிளேட் என்றால் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு குழியிலும் அந்தக் கனம் குலுங்குவது கீலிலும் கீல் ஊசியிலும்தான். நெளியாத கதவு, கழன்று விழும் கதவாக மாறும். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம். தகடு கனமாக இருந்தால்தான் காசு கொடுத்த திருப்தி. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

கதவைக் கெடுப்பது வண்டியில் கிடக்கும் சுமை இல்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதை மேசையாகவும் பாலமாகவும் ஆக்குகிறோமே, அந்தச் சில நிமிடங்கள்தான். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றேகால் டன் சுமையோடு. பொலேரோ பிக்கப் வரிசையில் இப்போது 2 டன் வரை. முன்பு லாரிக்கென்று வைத்திருந்த சரக்கெல்லாம் இவற்றில் ஏறிவிட்டது. லாரியின் பின்கதவு மரமும் ஆங்கிளுமாகக் கட்டப்பட்டது. பிக்கப்பின் கதவு மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. சரக்கு அடைந்து கிடக்கும்போது சரியாமல் நிறுத்துவது அதன் வேலை. நாம் அதன் மேல் ஏறி நிற்கிறோம்.

ரப்பர் தடி ஏற்றும் வண்டிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தோட்டங்களில் பால் வற்றிய மரங்களை வெட்டி மறுநடவு செய்வார்கள். தடி எல்லை கடந்து கேரளத்தின் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போகும். லாரி நுழையாத இடவழியிலிருந்து மெயின்ரோடு வரை அதைக் கொண்டுவருவது பிக்கப். இறக்கும்போது கதவைத் தாழ்த்திச் சங்கிலியில் நிறுத்திவிட்டு, தடியின் பின்முனையைப் பிடித்து இழுப்பார்கள். பாதிக்கு மேல் வெளியே வந்ததும் முன்முனை தளத்தை விட்டு எழும்பும். அந்த நொடியில் தடியின் கனம் முழுவதும் கதவின் விளிம்பில், விரலகல இடத்தில் நிற்கும்.

அந்த விளிம்பில் 100 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி 45 பாகைச் சாய்வில் நின்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்கும் இழுவை 141 கிலோ. சங்கிலியைக் கட்டையாகத் தாழ்ந்த இடத்தில் மாட்டி, சாய்வு 30 பாகைக்குப் படுத்துவிட்டால் 200 கிலோ. ஒரு சங்கிலி மற்றதைவிட ஒரு கண்ணி நீண்டிருந்தால் இழுவை ஒரே பக்கம் போய்க் கதவு முறுக்கிக்கொள்ளும். இதெல்லாம் மெல்ல வைக்கும் கனத்துக்கு. சட்டென்று கைவிட்டால் இரண்டு மடங்கு. உயரத்திலிருந்து போட்டால் அதற்கும் மேல். ஆகவே பட்டறைக்கு வரும் எந்த வண்டியிலும் நான் முதலில் தொடுவது சங்கிலியை. இரண்டையும் ஒரே நீளமாக்கி, மேல்கொண்டியைக் கம்பத்தில் முடிந்தவரை உயர்த்தி வைப்பேன்.

தடி, கல்தூண், அம்மி மாதிரிச் சரக்குக்கு அதுவும் போதாது. சங்கிலியைக் கழற்றிக் கதவை நேர்கீழாகத் தொங்கவிட வேண்டும், அல்லது ஊசியை உருவிக் கதவையே எடுத்துவிட வேண்டும். அப்போது சுமை உரசுவது தளத்தின் பின்விளிம்பில். அது சேஸிசோடு பிணைந்த பகுதி, தாங்கும். அங்கே ஒரு கனமான ஆங்கிளோ அரைவட்டக் குழாயோ பொருத்திவிட்டால் தடி அதன்மேல் வழுக்கி இறங்கும். தொங்கும் கதவு பம்பரில் அடிக்காமல் இரண்டு ரப்பர் கட்டை வைக்க வேண்டும். கீல் ஊசி சுலபமாக உருவி வரவேண்டும் என்பதற்காகவே அதற்கு மாதாமாதம் கிரீஸ் போடச் சொல்கிறேன். துருப்பிடித்து இறுகிய ஊசி உள்ள வண்டியில் கதவைக் கழற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

வாழைக்குலை, மரச்சீனி, பழக்கூடை ஏற்றுகிறவர்களுக்குக் கதவைத் தாழ்த்தி வைக்காமல் வேலை நடக்காது. அவர்களுக்கு மேல் விளிம்பை மட்டும் மூடும் உறை போதும். 10 செ.மீ. அகலத் தகட்டை வளைத்து விளிம்பில் கவிழ்த்தால் 4 கிலோவுக்குள் முடிந்துவிடும். உள்முகத்துக்கு 12 மி.மீ. பிளைவுட், ஏறத்தாழ 5 கிலோ. அல்லது கிரஷர்களில் தேய்ந்து கழிக்கும் கன்வேயர் பெல்ட். ஏத்தன் குலை காயம்படாமல் போக இந்தப் பெல்டைப் போல நல்லது வேறில்லை.

எதை வைத்தாலும் போல்ட்டில்தான் வைப்பேன். வெல்டு வைத்தால் மறுபக்கம் பெயிண்ட் வெந்துபோகும். அங்கே கை நுழையாது, பிரைமர் போகாது, அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கேதான் தொடங்கும். இடவப்பாதியும் துலாமழையும் என்று ஆண்டுக்கு இரண்டு மழை பெய்யும் ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று விடமுடியாது.

மீன் வண்டி தனிக்கதை. தேங்காய்ப்பட்டணம், குளச்சல் துறைகளிலிருந்து விடியுமுன் ஐஸ் உருக உருக வரும் வண்டிகளில், உப்புநீர் சாய்வு பார்த்துப் பின்கதவுக்கு ஓடிவரும். கதவின் கீழ்மடிப்பில் தேங்கி நிற்கும். வெளியே பெயிண்ட் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தகடு கடலைத்தோலாக உதிர்ந்திருக்கும். இந்தக் கதவுக்கு ரப்பர் பாயைப் பசைபோட்டு ஒட்டுவது மிகப்பெரிய கெடுதல். பாய்க்குப் பின்னால் இறங்கும் உப்புநீர் காயவே காயாது. பாயை மேலே மட்டும் போல்ட்டில் தொங்கவிட்டு, நடுவே வாஷர் கொடுத்துக் காற்று போக இடம் விட வேண்டும். கீழ்மடிப்பில் வடிகால் துளை போட்டு, துளையின் விளிம்புக்கும் எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்று அதைக் கேட்கிறவர்கள் உண்டு. உப்புநீரில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் அலுமினியம் இரும்பைவிட வேகமாக அரித்துப்போகும். இடையில் ரப்பரும் நைலான் புஷ்ஷும் இல்லாமல் நான் பொருத்துவதில்லை. வெளிநாடுகளில் பாலியூரியாவைத் தெளித்துத் தளத்தையும் கதவையும் ஒரே தோலாக மூடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் துருவின் மேல் தெளித்தால் துருவைப் பொத்திவைத்ததாகும். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, சந்தையில் இறக்கியதும் நல்லதண்ணீரால் கதவைக் கழுவுவது.

ஓட்டத்தில் கதவுக்கு அடி வருவது ஒரு வகைச் சரக்கால் மட்டும்: குழாய், கம்பி, மூட்டை கட்டாத வழுக்குப் பொருள். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி ரோடு ஏற்றமும் இறக்கமும்தானே. எட்டுக்கு ஒன்று ஏற்றத்தில் 800 கிலோ குழாய் பின்னோக்கி 100 கிலோ அழுத்தம் கொடுக்கும். கியர் மாற்றும் வெட்டில் அது முட்டாக மாறும். குழாயின் முனை சிறியது, தகட்டில் ஓட்டையே போடும். கதவுக்கு முன்னால் தனியாக ஒரு அயினிப்பலகையை, இருபக்கக் கம்பத்திலும் தவாளி வைத்து இறக்கிவிட்டால், அடி பலகையில் விழுந்து கம்பத்துக்குப் போகும். பலகை பிளந்தால் வேறொன்று மாற்றலாம். முன்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறும் வேண்டும். நீளமான குழாய்க்காகக் கதவைத் தாழ்த்தியபடியே நாகர்கோவிலுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் வெளியே நீட்டிய சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். பின்னால் பைக்கில் வருகிறவனின் கழுத்துக்கு விலை கிடையாது.

கடைசியாகச் சுமட்டுக்காரர்கள். வண்டி நம்பர் டிஎன் 75 ஆனாலும் கேஎல் 19 ஆனாலும், சந்தையில் கதவைக் கெடுத்தது அவர்கள்தான் என்று வண்டிக்காரர்கள் திட்டுவது வழக்கம். எனக்கு அது சரியென்று படவில்லை. தலையில் 50 கிலோ மூட்டையோடு இடுப்பளவு உயரத்தில் ஏற வேண்டிய மனிதருக்கு வண்டியில் கால்வைக்க வேறு இடமே இல்லை; சங்கிலியில் தொங்கும் கதவில்தான் மிதிக்கிறார். அவரும் மூட்டையும் சேர்ந்து 120 கிலோ, அதுவும் சட்டென்று ஏறும் கனம். "கால் வைக்க எடம் தந்தா நாங்க எதுக்குண்ணே கதவச் சவுட்டுயோம்?" என்று ஒரு சுமட்டுக்காரர் என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு கதவு வேலைக்கு வரும் வண்டிகளில் பம்பருக்குக் கீழே, சேஸிசில் பிடித்து, மடக்கும் படி ஒன்று வைக்கச் சொல்லி வற்புறுத்துகிறேன். முக்கால் அடி அகலம், வழுக்காத மேல்தகடு, மடக்கினால் வண்டிக்கு வெளியே துருத்தாது. கூலி ஒரு கதவை நிமிர்த்தும் கூலிக்குள் முடியும். படி வைத்தவர்களில் சிலர், பின்பக்கம் பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் வேண்டும் என்று திரும்பி வந்தார்கள். சுமட்டுக்காரர்களே கேட்டு அனுப்பியதாம். அதை இப்போது படியோடு சேர்த்தே வைத்துவிடுகிறேன்.