கையகல நகரின் இரவு

ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தருகே, பழைய பண்டகசாலையொன்றினுள் 2001ஆம் ஆண்டு முதல் ‘மினியாத்தூர் வுண்டர்லாண்ட்’ என்னும் சிற்றுருப் புகையிரத உலகம் இயங்கி வருகின்றது. அங்கே யாவும் உண்மையளவில் 87இல் ஒரு பங்கே. மூன்று மீற்றர் நீளமான பெயர்ப்பலகை ஏறத்தாழ 3.4 சென்ரிமீற்றராய்ச் சுருங்கிவிடுகின்றது.

கால் மணிக்கொரு முறை அவ்வுலகில் இருள் கவிகின்றது. உடனே லாஸ் வேகாஸ் வீதியின் விளம்பரப் பலகைகள் பல வண்ணங்களில் ஒளிர்கின்றன. பகலிற் பொம்மையாய்த் தோன்றியது, இப்பொழுது மனிதர் விழித்திருக்கும் நகராகிவிடுகின்றது!

இம்மாயம் பேரொளியால் விளைவதன்று. உருவம் சுருங்கும்போது ஒளியும் சுருங்குதல் வேண்டும். மிஞ்சிய ஒளி மெல்லிய சுவரினூடே கசிந்து, மாளிகையை வெறும் பெட்டியென்று காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் இருப்புப்பாதை சமைக்கும் மாணவரே, சுவரின் உட்புறத்தில் கறுப்பு வர்ணம் பூசுங்கள். தடையியொன்றால் விளக்கைத் தணியுங்கள். உங்கள் மேசைமீதும் ஓர் ஊர் விழித்தெழும்.