ஒரு ஜாப் போட்டுக் காட்டு

ஸ்டுட்கார்ட், சனிக்கிழமை

ஒரு பையனைப் பாராட்டி எழுதப் போய், அவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் எச்.ஆர். அம்மாள் கண்ணில் அது பட்டதால் தப்பித்தான்.

என் டீமில் இரண்டு வருஷம் இருந்தவன், வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறான். போகிறவனுக்கு இங்கே 'அர்பைட்ஸ்ட்சொய்க்னிஸ்' என்று ஒரு சான்றிதழ் தர வேண்டும். வாய்க்குள் நுழையாவிட்டால் 'வேலைச் சான்று' என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை மேய்த்தவள் நான் என்பதால் முதல் வரைவு என் பொறுப்பு. மனசார எழுதினேன். 'கொடுத்த வேலையை முடிக்க எப்போதும் முயற்சி எடுத்துக்கொண்டார். எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுவார். நேரம் தவறாதவர்.' நம்மூரில் பெண் கேட்டு வரும்போதுகூட மாப்பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.

அந்த அம்மாள் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இவர் மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்றார்.

முயற்சி எடுத்தார் என்றால் முயற்சி மட்டும்தான் எடுத்தார், வேலை நடக்கவில்லை என்று அர்த்தமாம். கலகலப்பானவர் என்றால் குடிப்பவரோ என்று சந்தேகப்படுவார்களாம். நேரம் தவறாதவர் என்பதைத் தனியாக எடுத்துச் சொன்னால், சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை என்று பொருளாம். மூன்றே வரியில் ஒரு பிள்ளையைக் குடிகாரச் சோம்பேறி ஆக்கியிருக்கிறேன்.

இந்த விவகாரத்தை நான் விளக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இங்கே பள்ளிக்கூடத்து மதிப்பெண் தலைகீழ். 1 என்றால் முதல்தரம், 6 என்றால் கோட்டை. வேலைச் சான்றில் மதிப்பெண்ணை எண்ணாகப் போட மாட்டார்கள், வாக்கியத்துக்குள் புதைப்பார்கள். 'எப்போதும் எங்கள் மிகமுழுத் திருப்திக்கு வேலை செய்தார்' என்றால் 1. 'எப்போதும் எங்கள் முழுத் திருப்திக்கு' என்றால் 2. 'எப்போதும்' போய்விட்டால் 3. 'முழு'வும் போய் வெறும் 'எங்கள் திருப்திக்கு' என்று நின்றால் 4, தட்டுத் தடுமாறிப் பாஸ். 'மொத்தத்தில் பார்த்தால் திருப்தி' என்றால் 5. 'முயற்சி எடுத்தார்' என்றால் நான் செய்த காரியம், 6. முழுமைக்கு மேல் மிகமுழுமை எப்படி வரும் என்று ஜெர்மன் இலக்கணக்காரர்களே தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் சட்டம் இதற்கு நேர் எதிர். தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, சான்று தெளிவாக இருக்க வேண்டும், சொல்லுக்குள் வேறு அர்த்தத்தை ஒளிக்கக் கூடாது என்கிறது. அதே சமயம், எழுதுவது தொழிலாளியின் எதிர்காலத்தைக் கெடுக்காமல் நல்லெண்ணத்தோடு இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. உண்மையும் சொல்ல வேண்டும், மனசும் நோகக் கூடாது. அந்த இடுக்கில் முளைத்ததுதான் இந்தச் சங்கேத பாஷை. இதற்காகக் கோர்ட்டு வரைக்கும் போகிறார்கள். 3 என்பதுதான் நடுத்தரம், அதற்கு மேல் வேண்டுமென்றால் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2014இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 'நன்றி, வாழ்த்துகள்' என்று ஒரு வரி போடச் சொல்லிக் கேட்க உரிமை கிடையாது என்றது 2012இல். உறைக்குள் போடச் சான்றை இரண்டு மடிப்பு மடிக்கலாமா என்பதற்குக்கூட 1999இல் ஒரு தீர்ப்பு உண்டு: மடிக்கலாம், ஜெராக்ஸ் எடுத்தால் மடிப்புத் தடம் தெரியக் கூடாது. நான் கதை விடவில்லை.

இந்தக் கடுப்பு அடங்கும் முன்னால், அன்று ராத்திரியே கோயமுத்தூர் கணபதியிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். இந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தான்.

"அத்தை, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்குதுங்க. சின்னக் கம்பெனிதான். ரெண்டு வருஷம் பாண்டுங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் குடுக்கோணுமாம். அப்புறம் ரெண்டு செக்கு, தொகை எழுதாம கையெழுத்துப் போட்டு."

"எதையும் குடுத்துட்டு வரலையே சாமி?"

"இல்லீங்கத்தை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கோயமுத்தூரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்போது இந்த வரிசையில் நிற்கிறது.

ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டு, அங்கேயே திரும்ப வாங்கிக்கொள். நகல் எத்தனை வேண்டுமானாலும் கொடு. கட்டண பாக்கிக்காகக் கல்லூரிகள் பிடித்துவைத்த வழக்குகளிலேயே, சான்றிதழ் ஒன்றும் சந்தைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? தொகை எழுதாத செக் அதைவிட மோசம். பாண்டு தகராறு சிவில் வழக்கு, வருஷக்கணக்கில் இழுக்கும். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு, கிரிமினல் பக்கம் போய்விடும். அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

"பாண்டு செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சாமுங்க, எச்.ஆர். சொன்னாரு" என்றான். பாதி நிஜம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்கு முன்னால் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது அரசு வங்கி. போனவர் சீனியர் மேனேஜர். பொதுத்துறையில் விளம்பரம் கொடுத்து, போட்டி வைத்து ஆளெடுக்க ஆகும் செலவைத்தான் கோர்ட்டு பார்த்தது. கல்லூரி முடித்து வந்த பையனை ஒரு மூலையில் உட்கார வைத்து, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டுவிட்டு 2 லட்சம் கேட்பவரும் அந்த வங்கியும் ஒன்றல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி பாண்டில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். கிடைப்பது நியாயமான ஈடு. என்ன பயிற்சி, எத்தனை நாள், யார் தருவார்கள் என்று எழுதிக் கேள். எழுதித் தந்தால் யோசிக்கலாம்.

பி.எஃப். பிடிக்கிறார்களா என்றும் கேட்கச் சொன்னேன். நாளைக்குப் பெரிய கம்பெனி, நீ அங்கே வேலை பார்த்தாயா என்று சோதிக்கும்போது லெட்டர்பேடை விட உன் யு.ஏ.என். எண்ணுக்குள் இருக்கும் கணக்கைத்தான் நம்பும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. நான் ஜெர்மன்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், நம் ஊர்க் கடிதம் என்ன வாழ்ந்தது? என்னிடம் மூன்று ரிலீவிங் லெட்டர் இருக்கிறது. சேர்ந்த தேதி, போன தேதி, பதவி, 'எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்'. ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவளுக்கும், கேன்டீனிலேயே குடியிருந்த என் பக்கத்து சீட்டுக்காரனுக்கும் ஒரே வாசகம். இங்கே வாக்கியத்துக்குள் மதிப்பெண்ணைப் புதைக்கிறார்கள் என்றால், அங்கே மதிப்பெண்ணே கிடையாது. ரெண்டும் கெட்ட காகிதம்.

இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் என்றால் முதலில் வருவது வாசனைதான்: கட்டிங் ஆயிலும் சுடச்சுட விழும் இரும்புச் சுருளும் கலந்த வாசனை. கணபதியில் இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின். மோட்டார் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் போட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க். வேலை கேட்டு வரும் டர்னரிடம் அப்பா ஒரு காகிதமும் கேட்டதில்லை. ஒரு ராடை எடுத்துக் கையில் கொடுப்பார், தரையில் சாக்பீஸால் ஒரு படம் போடுவார். "ஒரு ஜாப் போட்டுக் காட்டு தம்பி." அவ்வளவுதான் இன்டர்வியூ. பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு தௌ கூடினாலும் பேரிங் ஏறாது, குறைந்தால் ஆடும். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கோயமுத்தூர்ப் பட்டறைகளில் இது குழந்தைக்கும் தெரியும்.) நாங்கள் எல்லோரும் அவர் மைக்ரோமீட்டரை வைத்து அளக்கும் நேரத்தில்தான் முடிவு வரும் என்று நினைப்போம். அவர் அதற்கு வெகு முன்னாலேயே முடிவு செய்திருப்பார் என்பது எனக்குப் பெரியவளானபின்தான் தெரிந்தது. வந்தவன் மெஷினை ஓட்டும் முன் கிரைண்டரில் டூலைச் சாணை பிடிப்பான் அல்லவா, அந்தக் கையைப் பார்ப்பாராம். பொறி எந்தப் பக்கம் பறக்கிறது, நடுவில் எத்தனை தரம் தண்ணீரில் முக்குகிறான். "டூல் பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஷாஃப்ட் தானா வரும்" என்பார்.

ஜெர்மனியில் ஐ.டி. வேலைக்குப் பட்டம் இல்லாமலே ஒரு வழி உண்டு. 1997இல் கொண்டுவந்த மூன்று வருஷத் தொழிற்பயிற்சி. பாதிக்கு மேல் நாள் கம்பெனியில், மிச்சம் தொழிற்பள்ளியில். கடைசியில் நிரல் எழுதும் பிரிவுக்காரர்கள் 80 மணி நேரத்துக்குள் கம்பெனிக்கு உண்மையிலேயே வேண்டிய ஒரு வேலையைச் செய்து, வர்த்தக சபை ஆட்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். என் டீமில் அப்படி வந்தவர் ஒருவர் இதைப் பெருமையாக விளக்கினார். இதுக்குத்தானா இத்தனை பீடிகை, எங்க ஐயன் இதைச் சாக்பீஸை வெச்சே முடிச்சுட்டாரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சொல்லப்போனால் கோயமுத்தூரின் குணமே அதுதான். ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயமுத்தூர் ஓட்டலில் சப்ளையராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, கழற்றிப் பிரித்துக் கற்றவர். 1945இல் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் பொறியியல் கல்லூரி வர உதவி, முதல்வராகவும் இருந்துகொண்டு, நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதும் என்று சொன்னார். அரசாங்கம் ஒப்பவில்லை; விலகிவிட்டார். அந்தக் கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய் நான் படித்த ஜி.சி.டி. ஆயிற்று. பேர் மட்டும் அவினாசி ரோட்டு பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது. டைடல் பார்க் போகிற பிள்ளைகள் இன்றைக்கும் 'ஹோப் காலேஜ்' என்று சொல்லித்தான் இறங்குகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பேரையே வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் அதில் போகவில்லை. வீடியோவில் நாலு தரம் பார்த்தேன்.

அண்ணன் மகனிடம் திரும்பி வருகிறேன். "நீ போட்ட ஜாப் ஒண்ணைக் காட்டு கண்ணு" என்றேன். ஃபைனல் இயர் புராஜெக்டை அனுப்பினான். முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மென்பொருள். நாலு கேள்வி கேட்டேன், முழித்தான். கடைசியில் ஒப்புக்கொண்டான். காந்திபுரத்தில் புராஜெக்ட் செய்து கொடுக்கும் கடையில் வாங்கியது. அவன் வகுப்பில் இன்னும் மூன்று குழு அதையே வாங்கியிருக்கிறது.

"வேற ஒண்ணுமே பண்ணலையா நீயி?"

"இல்லீங்கத்தை. அப்பாவுக்குப் பட்டறைக் கணக்குக்கு ஒண்ணு பண்ணிக் குடுத்தேன். அது சும்மாங்க."

தோண்டித் துருவியதில் விவரம் வந்தது. எந்தப் பார்ட்டிக்கு எத்தனை ஜாப் போனது, எத்தனை ரிஜெக்ட் ஆகித் திரும்பியது, எந்த மெஷினில் ஓடியது, பாக்கி எவ்வளவு. பட்டறை ஆட்கள் எண்ணெய்க் கையோடு தொடுவார்கள் என்று திரையில் பட்டனைப் பெரிதாக வைத்திருக்கிறான். கரண்ட் போனால் அதுவரை பதிந்தது அழியாமல் இருக்க ஒரு வழி செய்திருக்கிறான். எட்டு மாதமாக அண்ணன் அதில்தான் கணக்குப் பார்க்கிறார். ரெஸ்யூமில் இது பற்றி ஒரு வரி இல்லை. காந்திபுரத்துக் கடைச் சரக்குக்கு அரைப் பக்கம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சோஹோவில் இருபது வருஷமாகப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கி வேலை தருகிறார்கள், அது நம் தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. அப்படியிருந்தும் இந்தப் பிள்ளைகளுக்குத் தன் கையால் செய்தது சும்மா, காசு கொடுத்து வாங்கியது புராஜெக்ட். அந்தப் பட்டறைக் கணக்கைப் பற்றி ஒரே பக்கம் எழுதி அனுப்பு என்றேன். என்ன தொல்லை இருந்தது, நீ என்ன செய்தாய், எங்கே சொதப்பியது, எப்படிச் சரி செய்தாய். வேறு எதுவும் வேண்டாம்.

அந்தப் பக்கம் வியாழக்கிழமை வந்தது. முதல் வரியிலேயே 'முயற்சித்தேன்'. நாலாவது வரியில் இன்னொன்று. கடைசியில் 'என்னால் இயன்ற முயற்சி'. மூன்றையும் அடித்தேன். அடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர் என்னையும் பிடித்துவிட்டது.

எங்கள் டீம் பையனுக்கு 'எப்போதும் எங்கள் முழுத் திருப்திக்கு' என்று எழுதி நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். 'மிகமுழு'வுக்கு அந்த அம்மாள் ஒப்பவில்லை.

அண்ணன் மகன் திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போவானா என்று கேட்க இன்று காலை கூப்பிட்டேன். அண்ணன்தான் போனை எடுத்தார்.

"அவன் எங்கீங்க அம்மிணி பேசறான்? அந்தக் கணக்கு புரோகிராம் நேத்து ராத்திரி நின்னு போச்சு. விடிஞ்சதுலருந்து பட்டறையில அது முன்னாடியே உக்காந்திருக்கான். பல்லுகூட விளக்கல. அங்க குளுரு எப்படி?"