தொட்டியும் பாரும்

புத்தளம் மாவட்டத்தின் மேலைக் கரையில், கற்பிட்டித் தீபகற்பத்துக்கு அப்பால், கடலடியில் ஒரு முருகைக்கற் பார் பரந்து கிடக்கின்றது. ஆங்கில வரைபடங்கள் அதனைப் 'பார் ரீஃப்' எனக் குறிக்கும். அப்பெயரின் முதற்சொல்லை ஆங்கிலேயர் எப்பொருளில் இட்டனராயினும் தமிழ்ச் செவிக்கு அஃது அந்நியமன்று. கடலடிக் கற்றிட்டைப் பார் என்பது மன்னார் வளைகுடாவின் பழவழக்கு. முத்துக்குளிப்புப் பற்றி அறிக்கை எழுதிய வெள்ளையரும் 'பெரிய பார்' என்றே எழுதிச் சென்றனர். முருகை என்பதும் இக்கரைக்குரிய சொல்லே. பவளம் என்றால் கழுத்தணியின் செம்மணி நினைவுக்கு வரும். முருகை என்றால் கடலில் வளர்ந்து, கரையேறினால் சூளையில் வெந்து சுண்ணாம்பாகும் கல் நினைவுக்கு வரும். அக்கல் உயிருள்ள சிற்றுயிர்களின் குடியிருப்பு என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்ற நெடுங்காலம் சென்றது. 1992 ஆம் ஆண்டில் இப்பாரைச் சூழ்ந்த 306.7 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பு சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இத்தகைய கடலின் சிறுபிரதி ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் அமைத்து வீட்டினுள் வைத்துக்கொள்ளும் விருப்பம் மேலைநாடுகளில் வலுவாக உண்டு. இலங்கையில் உயிருள்ள முருகையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம். ஆதலின் இவ்விருப்பம் இங்கு அதிகம் வளரவில்லை. அங்கோ உப்பின் அளவு, வெப்பநிலை, ஒளி, நீரோட்டம் யாவும் கருவிகளால் அமைக்கப்படுகின்றன. அத்தனையும் சரியாக அமைந்த பின்னரும் ஒருநாள் மான்கொம்பு போற் கிளைவிடும் அக்ரோபோரா முருகை காரணமின்றி நிறம் மங்கத் தொடங்கும். தொட்டிக்கு உரியவர் முதலில் நீரை ஐயுறுவார். பின்னர் விளக்கை ஐயுறுவார். குற்றவாளி அவர் கண்முன்னே, முருகையின் மேலேயே படுத்திருக்கும்.

அது ஒரு தட்டைப்புழு. தான் தின்ற முருகையின் நிறத்தையே தன் உடலிலும் ஏற்றிக்கொள்வதால் அதனைப் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. அது விட்டுச்சென்ற தடயத்தையே தேடவேண்டும். கிளையின் நிழல்பட்ட பக்கத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் வெளிறிய வட்டங்கள் தென்பட்டால் அவை புழுவின் வாய்பட்ட இடங்கள். கிளையின் அடியில், தசை அழிந்து வெறுங்கூடு வெளிப்பட்ட பகுதியில், பழுப்பு நிற முட்டைகள் திட்டாக ஒட்டியிருக்கும். ஐயம் தீரவேண்டுமாயின் கிளையைத் தனிப் பாத்திரத்தில் அமிழ்த்தி நீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். புழு பிடிவிட்டு மிதந்து வரும்.

அயடின் கலந்த நீரும், ஆடுமாடுகளுக்குக் குடற்புழு நீக்கத் தரப்படும் லெவாமிசோலும் புழுவை நீக்க உதவும். முட்டைகளை மட்டும் அவை தொடுவதில்லை. வெப்பநிலைக்கேற்ப ஒன்றரை வாரம் முதல் மூன்று வாரம் வரையில் அவை பொரிக்கும். எனவே முட்டைகளைக் கத்தியாற் சுரண்டி நீக்குவதும், எஞ்சியவை பொரித்து அடுத்த தலைமுறை முட்டையிடுமுன் மீண்டும் மீண்டும் கிளையை அமிழ்த்துவதும் அவசியமாகின்றன. இவ்வேலையில் கெட்டித்தனத்தைவிடப் பொறுமைக்கே இடம் அதிகம். ஒரே ஒரு முறை அமிழ்த்திவிட்டு நிம்மதியாக உறங்கியவர்களே பெரும்பாலும் முருகையை இழந்தவர்கள்.

ஏனைய பகைகளுக்கும் இவ்வாறே தனித்தனி முறையுண்டு. அரை மில்லிமீற்றர் அளவேயான செம்புள்ளிச் சிற்றுயிர் ஒன்றினை நாய்களின் இதயப்புழுவுக்கான மாத்திரை கொல்லும். கூடவே தொட்டியிலுள்ள நண்டு, இறால்களையும் கொன்றுவிடும். ஐப்தேசியா எனும் கண்ணாடி நிறக் கடற்சாமந்தியை நறுக்குதல் பெரும்பிழை. அடிப்பாகத்தின் துணுக்குகளிலிருந்து புதியவை முளைக்கும். அதன் வாயினுள் குழைத்த சுண்ணாம்பைச் செலுத்துவதே எளிய வழி. தென்கரைச் சூளைகளில் எத்தனையோ தலைமுறை முருகை வெந்து சுண்ணாம்பாயிற்று. இங்கே அதே சுண்ணாம்பு முருகையின் காவலுக்கு வருகின்றது. (கடலில் முருகைக்கல் அகழ்வதை 1988 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் தடைசெய்தது.)

அந்தத் தட்டைப்புழுவின் வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொட்டி வளர்ப்போர் பல ஆண்டுகள் அதனோடு போராடிய பின்னரே, 2011 இல், விஞ்ஞானிகள் அதற்கு முறையான பெயரிட்டனர். அப்பொழுதும் அது கடலிற் காணப்பட்டதாகப் பதிவில்லை. மறு ஆண்டில் வெளியான கட்டுரையே அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாரில் அது இயற்கையாக வாழ்வதை முதன்முதல் அறிவித்தது. தொட்டியில் ஊழியெனப் பரவும் ஒன்று, கடலில் தேடியும் அகப்படாத அற்ப உயிராக இருந்திருக்கின்றது. கடலில் அதனைத் தின்னும் வாய்கள் பல. தொட்டியில் அவை இல்லை. 'பீடை' என்பது அப்புழுவின் பிறவிக்குணம் அன்று. காவலர் இல்லாத இடம் அதற்குத் தந்த பட்டம்.

தொட்டி வளர்ப்போரும் இதனை அறிவர். ஆகையால் மருந்தை விட்டு மீனை நாடுவாரும் உளர். உடலில் ஆறு கோடுகள் ஓடும் விரலளவு மீனொன்று கிளைகளினூடே புகுந்து புழுக்களைப் பொறுக்கும். சில வண்ணத்துப்பூச்சி மீன்கள் கடற்சாமந்தியைத் தின்னும். வெண்மேனியில் நிறப்புள்ளிகள் கொண்ட சிற்றிறால் ஒன்று நட்சத்திர மீன்களையே உணவாகக் கொள்ளும். இவை எங்கிருந்து வருகின்றன? கடல்வாழ் அலங்கார மீன்களிற் பெரும்பகுதி இன்றும் கடலிலேயே பிடிக்கப்படுகின்றது. அத்தொழில் நடைபெறும் கரைகளுள் கற்பிட்டியும் ஒன்று. சுழியோடி வலையோடு இறங்குகின்றார். மீன் பையிலேறிக் கொழும்பு சென்று, விமானத்திற் பறந்து, யாரோ ஒருவரது தொட்டியில் காவலுக்கு அமர்கின்றது. அதன் காவல் இழந்த இடம் பார்.

சுழியோடியைக் குறைகூறுவது எளிது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கு அம்மீன் வேண்டும். பாரின் பேரழிவுக்கு அவர் காரணமும் அல்லர். 1998 இல் கடல்நீர் வெப்பமேறியபோது பாரின் ஆழமற்ற பகுதியிலிருந்த உயிருள்ள முருகை ஏறக்குறைய முழுவதும் வெளிறி மாண்டது. அதற்கு மருந்துக் குளியல் இல்லை. தொட்டிக்குக் குளிரூட்டும் பொறி பொருத்தலாம். மன்னார் வளைகுடாவுக்குப் பொருத்துவார் எவர்? ஆயினும் வெப்பத்தால் நலிந்த பாரில் எஞ்சிய முருகையைத் தின்னும் உயிர்களைக் கட்டுப்படுத்த எவையேனும் இருத்தல் வேண்டும். முட்கிரீட நட்சத்திர மீன் பெருகினால் என்ன நேரும் என்பதை 1970களில் திருகோணமலைப் பக்கத்து முருகைகள் காட்டின. அதனை வேட்டையாடும் உயிர்கள் சிலவே. அவற்றுள் ஒன்றாகிய திரைற்றன் எனும் பெருநத்தை, தன் ஓட்டின் அழகினாலேயே உலகெங்கும் வரவேற்பறைகளின் அலுமாரிக்குள் போயிற்று.

தொட்டியில் இறந்த கூடு வெளிப்பட்ட இடத்திலேதான் புழு முட்டையிடும். தொட்டிக்காரர் முதலில் அவ்விடத்தையே வெட்டி எறிவார். பாரிலோ 1998 இல் மாண்ட கூடுகளின் மேலேயே இளமுருகை பற்றி முளைத்தது. ஆண்டுகள் பல சென்றபின் அக்ரோபோரா மேசைபோல் மீண்டும் விரிந்தது. 2016 இல் கடல் மறுபடியும் வெப்பமேறியது, அம்மேசைகளும் வெளிறின.