கழித்துப் போட்ட படங்கள்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குமரி மாவட்டத்து ரயில் நிலையம் ஒன்றில் நாங்கள் மூன்று பேர் போய் நின்றோம். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரையில் வரும் அம்மா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அடுத்த ஒப்பந்தத்திலும் அவர் பெயர் இருக்க வேண்டும்.

எங்களை அழைத்தது அவருடைய மகன். எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் மாலை வகுப்பில் படித்த பையன். டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். ரயில் பைத்தியம். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஹாரன் சத்தத்தை வைத்து என்ன எஞ்சின் என்று சொல்லிவிடுவான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கேமரா வாங்கியிருக்கிறான். "அக்கா, நாளைக்கு நம்ம நீல ரேக்குக்குக் கடைசி ஓட்டம். நாளைக் கழிச்சு எல்.எச்.பி. வந்துரும். நீங்களும் வாருங்க" என்று முந்தின நாள் இரவு போன் செய்தான். போகாவிட்டால் வருத்தப்படுவான் என்று போனோம்.

நீல ரேக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பை வைத்துப் பல பத்தாண்டுகள் கட்டிய பெட்டிகள் அவை. நம் அப்பா அம்மாக்கள் ஏறிப் போனதெல்லாம் அதில்தான். அந்த வகைப் பெட்டி கட்டுவதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் ஒவ்வொரு ரயிலாக அந்த இடத்தைப் பிடித்து வருகின்றன. ஒரு பெட்டிக்குக் கணக்குப்படி ஆயுள் 25 ஆண்டு. அதன் பிறகு ஓய்வு.

பிளாட்பாரத்தில் இருபது பேருக்கு மேல் கேமராவோடு நின்றார்கள். திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும்கூட வந்திருந்தார்கள். தோவாளைச் சந்தையில் வாங்கிய சம்பங்கி மாலையை எஞ்சினுக்குப் போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். லோகோ பைலட்டுக்குச் சால்வை. ஒருவர் உண்மையாகவே கண் கலங்கினார். அதைக் கிண்டல் செய்ய எங்களுக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் அவரை எங்கோ கூட்டிக்கொண்டு போன வண்டியாக இருக்கும்.

எல்லோரும் வரிசையாகக் குனிந்து எஞ்சினை நோக்கிக் கேமராவைப் பிடித்திருந்த நேரத்தில், பக்கத்துத் தண்டவாளத்துச் சிமெண்டுத் தளத்தில் பெருக்குமாறும் வாளியுமாக ஒருவர் வந்தார். ஆரஞ்சு நிற மேல்சட்டை, முதுகில் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர். "அக்கா, ஃப்ரேம்ல வாறீங்க. ரெண்டு நிமிசம் அந்தத் தூணுக்கு அங்கிட்டு நில்லுங்களேன்" என்றார் ஒரு தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார், கையெடுத்துக் கும்பிடாத குறை. அவரும் தலையாட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

அவர்தான் எங்கள் பையனின் அம்மா. அவன் அந்த வரிசையில் மூன்றாவது ஆளாக முட்டி போட்டிருந்தான். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? மேடை கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் நாங்கள். எங்களில் இருவர் சமூகவியலில் முதுகலை. தூய்மையும் தீட்டும் பற்றி லூயி டூமோன் எழுதியதைப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதியவர்கள். அந்த இரண்டு நிமிடமும் நாங்களும் பேசாமல் நின்றோம். பேசினால் பையன் அந்தக் கூட்டத்தில் யார் என்பது வெளியே வந்துவிடும் என்று பிறகு எங்களுக்குள் காரணம் சொல்லிக்கொண்டோம். பாதி உண்மை.

இதைப் படிக்கும் இளைய தோழர்களில் சிலர், 'ரயிலைப் படம் எடுப்பதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு, நம் பையனுக்கு எதற்கு?' என்று கேட்கலாம். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் மாவட்டத்துக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-ல், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981-ல். கன்னியாகுமரி போகும் வழியில் சுசீந்திரம் என்று ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. அந்த ஊர்க் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகத்தான் 1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் சத்தியாகிரகம் நடத்தினார்கள். திருவிதாங்கூரில் கோயில் கதவு திறந்தது 1936-ல். தெருவில் நடக்கவே போராடிய ஊரில், டிக்கெட் எடுத்தவர் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொள்ளும் வண்டி ஒன்று வந்து நின்றது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வண்டியை விட்டு இறங்கினால்? அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதியிருக்கிறார். 1901-ல், சிறுவனாக, அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகும்போது மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். ரயிலில் வரும்வரை பிரச்சினை இல்லை. நல்ல உடுப்பைப் பார்த்து அக்கறையாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு, மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்குச் சம்மதிக்கிறார். பிள்ளைகள்தான் வண்டியை ஓட்ட வேண்டும், அவர் நடந்து வருவார். ரயிலுக்கும் நமக்கும் உள்ள உறவு இப்படித்தான். உள்ளே ஒரு மாதிரி, பிளாட்பாரத்தில் ஒரு மாதிரி, தண்டவாளத்தில் வேறு மாதிரி.

அன்று சாயங்காலம் காலனியில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பையன் இன்னும் வரவில்லை. அம்மா கட்டன்சாயா போட்டுத் தந்தார். காலையில் நடந்ததை எப்படி எடுப்பது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்க, அவரே ஆரம்பித்தார். "அது கிடக்கட்டு மக்களே. நான் விழுந்தா படம் கெட்டுப்போவும்லா. அவன் சின்னப் பயலா இருக்கும்போதே சொல்லுவான், எம்மா நீ தள்ளு, எஞ்சின் மறையிதுன்னு."

அப்புறம் அவர் வேலையைப் பற்றிப் பேசினார். 2006-ல் சேர்ந்திருக்கிறார். அப்போது பெட்டிக் கழிவறையில் அடியில் ஓட்டை மட்டும்தான். நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று உள்ளே எழுதிப் போட்டிருப்பார்கள். யார் கேட்டார்கள்? வண்டி கிளம்பிப் போனதும் தண்டவாளத்துக்கு நடுவில் இவர் இறங்க வேண்டும். ஹோஸ் பைப்பில் தண்ணீர் வரும் நாள் நல்ல நாள். வராத நாளில் தகரமும் பெருக்குமாறும். மேலே பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இவரைத்தான் முறைப்பார்களாம், "நான் இருந்து வச்ச மாதிரி."

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் படிக்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1993 சட்டம் உலர் கழிப்பிடத்தைத்தான் முதன்மையாகப் பேசியது. 2013-ல் வந்த சட்டத்தில், கையால் மலம் அள்ளுபவர் யார் என்ற வரையறையில் ரயில் தண்டவாளம் என்ற சொல்லே இருக்கிறது. அதே சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் ஊழியர் சுத்தம் செய்தால், ரயில் பெட்டியின் கழிவறை சுகாதாரமற்ற கழிப்பிடம் ஆகாது. ஒரு கையுறையைக் கொடுத்துவிட்டால் சட்டத்துக்கு வெளியே போய்விடலாம். சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்கக் காலவரையறை வைத்துத் திட்டமிடு என்று ரயில்வேக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான்.

பிறகு பயோ டாய்லெட் வந்தது. டி.ஆர்.டி.ஓ. உதவியோடு உருவானது. கழிவு பெட்டிக்கு அடியிலுள்ள தொட்டியில் விழும், பாக்டீரியா அதைச் சிதைக்கும். தண்டவாளத்தில் கழிவு விழாத நாட்டின் முதல் வழித்தடம் நம் மாநிலத்தில்தான், ராமேஸ்வரம்–மானாமதுரை, 114 கிலோமீட்டர், 2016 ஜூலையில். 2019 வாக்கில் பழைய நீலப் பெட்டிகளிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தொட்டி பொருத்திவிட்டார்கள்.

எங்களுக்கு இதுதான் உறுத்தியது. 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையில் ஓட்டம் நின்றது. 1904-ல் திறந்த பாதை. அங்கே கூடிய கூட்டத்தையும் எடுத்த படங்களையும் இன்றும் பார்க்கலாம். 2010 கடைசியில் மதுரை–போடி மீட்டர்கேஜ் நின்றபோதும் அப்படித்தான். எஞ்சினுக்கு, பாலத்துக்கு, பெட்டியின் நிறத்துக்குக்கூடக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது, மாலை இருக்கிறது. அந்த ஓட்டை நம் ஊர் வண்டியில் எந்த நாளில் அடைபட்டது? யாரும் படம் எடுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டோம். "ஒரு நாளில்லா மக்களே, கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுது" என்றார்.

குறைந்தது, நிற்கவில்லை. தொட்டிக்குள் பிளாஸ்டிக் பாட்டில், நாப்கின், பான்பராக் பாக்கெட் எல்லாம் போடுகிறார்கள். அடைத்துக்கொள்கிறது. அடைப்புதான் பெரிய புகார் என்று 2017-லேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. அடைப்பை எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சட்டை மாறியிருக்கிறது, ஒப்பந்தக்காரர் மாறியிருக்கிறார், அருந்ததியர் காலனி மாறவில்லை.

அவரோடு பேசும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. 19 வருட வேலையில் ஆறு ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்ததுபோல் எழுதியிருக்கிறார்கள். பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், கட்டினார்களா என்று தெரியாது. இரண்டு பேர் தந்த எண்கள்தான் கையில் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பி.எஃப். கட்டப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு உண்டு. ஆனால் நீ அங்கே வேலை பார்த்தாய் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டால்? அடையாள அட்டையை ஒப்பந்தம் முடியும்போது திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கூலிச் சீட்டு கொடுத்ததே இல்லை.

இந்த நேரத்தில் பையன் வந்தான். எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அம்மா எதுவும் நடக்காத மாதிரி, "சாயா ஆறுது, குடி" என்றார். குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, எங்களைப் பார்க்காமல் சொன்னான்: "எங்கிட்ட இருக்கு."

என்ன இருக்கிறது என்று கேட்டோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தான். நல்ல படங்களை ரயில் பெயர் வாரியாக அடுக்கி வைத்திருக்கிறான். கெட்டுப்போன படங்களுக்குத் தனியாக ஒரு ஃபோல்டர். ஆடியவை, இருட்டானவை, ஆள் குறுக்கே விழுந்தவை. ரயில் ரசிகர்கள் எதையும் அழிப்பதில்லையாம், எஞ்சின் எண் பின்னால் தேவைப்படுமாம். 2015-லிருந்து இருக்கிறது. மாமாவின் செல்போனில் எடுத்ததில் தொடங்குகிறது.

அந்தக் கழித்த படங்களில் அம்மா இருந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில், பெட்டிக்கு அடியில் குனிந்தபடி, பிளாட்பார ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு. முதுகில் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர். எஞ்சின் எண், நிலையப் பலகை, கோப்பில் தேதியும் நேரமும். மூன்று வருடங்கள் பச்சைச் சட்டை, அப்புறம் நீலம், அப்புறம் ஆரஞ்சு. ஒரு படத்தில் கையுறை இல்லாமல், காலில் ரப்பர் செருப்போடு. கூட வேலை பார்த்த இன்னும் நான்கு பெண்களையும் அம்மா அடையாளம் காட்டினார். அதில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் படத்தில் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். "அவளுக்க ஒரு போட்டோவும் வீட்டுல கெடையாது" என்றார். பையன் அதைத் தனியாக எடுத்து வைத்தான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். இதுவரை 2015-க்குப் பிந்தைய மூன்று ஒப்பந்தக்காரர்களின் காலத்துக்குத் தேதியோடு 61 படங்கள் கிடைத்திருக்கின்றன. 2006 முதல் 2015 வரை எதுவும் இல்லை. அதற்கு அந்தக் காலத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம். படங்கள் மட்டும் போதாது, ஒரு வழக்கறிஞர் தோழர் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றுமில்லாமல் போய் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்றும் சொன்னார். கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தேதி விவரம் போய்விடும், அசலை அப்படியே பிரதி எடுங்கள் என்றார். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதைக் கவனியுங்கள்.

உங்கள் ஊரிலும் ரயிலைப் படம் எடுக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். கழித்துப் போட்ட படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அன்று "அக்கா, தள்ளி நில்லுங்க" என்ற தம்பியிடமும் எங்கள் பையனே பேசியிருக்கிறான். அது யாருடைய அம்மா என்பதையும் சொல்லிவிட்டான். எப்படிச் சொன்னான் என்று நாங்கள் கேட்கவில்லை. போன வாரம் அந்தத் தம்பி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஞாயிறு அதைப் பார்க்க உட்காருகிறோம்.