முருகன் ஊரில் கிருஷ்ணாயில்

வடபழனிக்கு வருகிறவர்கள் மூன்று வகை. முருகனைப் பார்க்க வருகிறவர்கள், டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள், டைரக்டரைப் பார்க்க வருகிறவர்கள். முதல் வகை அரை மணியில் விபூதியோடு திரும்பிவிடும். இரண்டாவது வகை பில் கட்டிவிட்டுத் திரும்பும். மூன்றாவது வகைதான் திரும்பாது. ரூம் எடுத்துத் தங்கிவிடும்.

அந்த ரூம்களில் இருந்த ஒரு பித்தளைச் சாமானைப் பற்றித்தான் இந்த வாரம். பம்ப் ஸ்டவ்!

'இந்தக் காலத்துல போய் பம்ப் ஸ்டவ்வா?' என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறவர்கள், தயவுசெய்து ஒரு தடவை வீட்டுப் பரணை எட்டிப் பார்த்துவிட்டு வரவும். கொலு பொம்மைப் பெட்டிக்கும் உடைந்த டேபிள் ஃபேனுக்கும் நடுவே, தினத்தந்தியில் சுற்றி ஒன்று உட்கார்ந்திருக்கும். 'பித்தளைடா, எடைக்குப் போட மனசு வரல' என்பார் அம்மா. பிரச்னையே அங்கேதான் ஆரம்பம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆற்காடு ரோட்டில் இப்போது நின்று பார்த்தால் ஊரே அடையாளம் தெரியவில்லை. 2015 ஜூனில் மெட்ரோ ரயில் வந்தது. அது போதாதென்று இரண்டாம் கட்ட மெட்ரோவுக்குத் தூண்கள். விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் 2013-ல் மால் வந்துவிட்டது. 'மாயா பஜார்' எடுத்த கம்பெனியின் இடத்தில் நிஜமாகவே ஒரு பஜார், அதுவும் எஸ்கலேட்டரோடு! கடோத்கஜன் பார்த்திருந்தால் கல்யாண சமையலை ஃபுட் கோர்ட்டிலேயே முடித்திருப்பான்.

மெயின் ரோட்டை விட்டுச் சந்துக்குள் நுழைந்தால் பழைய வடபழனி கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பத்துக்குப் பத்து ரூம். நாலு பேர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கண்ணாடி (முகம் பார்க்கத்தான், எதிர்கால ஹீரோ இல்லையா), மூலையில் ஒரு ஸ்டவ். ஹவுஸ் ஓனர் போட்ட முதல் கண்டிஷன்: 'ரூமில் சமைக்கக் கூடாது.' ஆகவே பசங்கள் என்ன செய்வார்கள்? வாசனை வெளியே போகாமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு சமைப்பார்கள். ஓனரிடமிருந்து தப்பித்தாகிவிட்டது. கார்பன் மோனாக்ஸைடிடமிருந்து?

எண்ணெய் சரியாக எரியக் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் வருகிற வாயு அது. நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம் வருகிற மாதிரி ஓர் அசதி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரியடுப்பை ரூமுக்குள் வைத்துவிட்டுப் படுத்து, காலையில் எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதே ஆசாமிதான் இங்கேயும். ஓனருக்குத் தெரிந்தால் ரூம் போகும், அவ்வளவுதானே? ஜன்னலைத் திறந்து வையுங்கள் சார்.

எண்ணெயின் பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. சீமையிலிருந்து வந்ததால் சீமெண்ணெய். மண்ணுக்குள்ளிருந்து வந்ததால் மண்ணெண்ணெய். மெட்ராஸ்காரர் வாயில் கெரோசின் ஆயில் நுழையாமல் 'கிருஷ்ணாயில்' ஆகிவிட்டது. முருகன் ஊரில் மாமன் பெயரில் எண்ணெய். அதற்கும் ரேஷன் கடையில் க்யூ! ரேஷனில் நீலச் சாயம் கலந்து கொடுத்தார்கள், பெட்ரோல், டீசலில் கலந்து விற்றால் மாட்டிக்கொள்ளட்டும் என்று. மானியத்தை 2016-லிருந்து கால் ரூபாய், கால் ரூபாயாகக் கரைத்து, 2020-க்குள் மத்திய அரசு முடித்துவிட்டது. அதற்கு முன்பே, 2006-ல் வந்த ஆட்சி தமிழ்நாட்டில் இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. ஸ்டவ் பரணுக்கு ஏறியது.

கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். குக்கர், மிக்ஸி, காஸ் அடுப்பு ரிப்பேர். முன்னால் விரித்த சாக்கில் பழைய பம்ப் ஸ்டவ் ஒன்றும் இருந்தது. போன மாதம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதையெல்லாம் இன்னும் யாருங்க ஐயா கொண்டு வர்றாங்க?"

"மழைக்காலம் வந்தா வரும் தம்பி. 2015 வெள்ளத்துல வந்திச்சு பாரு, ஒரு நாளைக்கு எட்டு, பத்து. கரண்ட் இல்ல, சிலிண்டர் வண்டி வர்ல. அல்லாரும் பரண்லேந்து எறக்கிட்டாங்க. 2023-ல மிக்ஜாம் புயலுக்கும் அதே கதைதான்."

இறக்கினார்கள், சரி. பத்து வருஷம் சும்மா கிடந்த ஸ்டவ்வில் பம்ப் வாஷர் தோலாக இருந்தால் காய்ந்து சுருங்கியிருக்கும். எண்ணெய் மூடியின் வாஷர் வெடித்திருக்கும். உள்ளே மிச்சமிருந்த சீமெண்ணெய் பிசினாகி நிப்பிளை அடைத்திருக்கும். அதைப் பற்றவைக்கப் போகிறவர், பற்றவைக்கத் தெரிந்த பாட்டியின் பேரன். பாட்டி போட்டோவில் இருக்கிறார்.

ஸ்டவ்வின் சூட்சுமத்தைப் பெரியவர் தரையில் கரிக்கட்டியால் படம் போட்டே சொன்னார். நான் பி.காம். என்பதால் எனக்கு அது லெட்ஜராகத்தான் புரிந்தது. வருவதை டெபிட் செய், போவதைக் கிரெடிட் செய். டாங்குக்குள் பம்ப் அடித்தால் காற்று வரவு. அந்தக் காற்று எண்ணெயை அழுத்தி மேலே குழாயில் ஏற்றும். சூடாக இருக்கிற பர்னருக்குள் போனதும் எண்ணெய் ஆவியாகும். அந்த ஆவி ஊசி முனை அளவு நிப்பிள் ஓட்டை வழியாகப் பீறிட்டு, வெளிக்காற்றோடு கலந்து நீலமாக எரியும். இதுதான் செலவு. 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் செய்த வேலை. திரி இல்லை, கரி இல்லை. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் நாசம் செய்வாரே, அந்தப் பெட்ரோமாக்ஸ் லைட்டும் இதே குடும்பம்தான்.

நிப்பிள் அடைத்துக்கொண்டால் செலவு நின்றுவிடும். அப்போது ஸ்டவ் பின் எடுத்துக் குத்த வேண்டும். நம் ஆள் என்ன செய்வார்? இன்னும் நாலு பம்ப் அடிப்பார்! வரவு மட்டும் ஏறிக்கொண்டே போகிற கணக்கு எந்த ஆபீஸிலும் நல்லதுக்கில்லை. டாங்கின் பற்றவைத்த இடம் பலவீனமாக இருந்தால் அங்கே விடும்.

"ஸ்டவ்வு சொல்லாம எதுவும் செய்யாது தம்பி" என்றார் பெரியவர். "நீலமா 'உஸ்ஸு'ன்னு சீராக் கத்துச்சுன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம். மஞ்சளா எரிஞ்சா ஒண்ணு சூடு பத்தல, இல்ல காத்து பத்தல. பம்பு கைப்பிடி தானா மேல எழும்புதா? உள்ளாற வால்வு போச்சு. எண்ணெய் பம்பு வழியா வெளிய வந்துரும். அமுக்கிப் புடிச்சிக்கினு ஒக்காராத. காத்தை எறக்கிட்டுத் தள்ளி வெச்சிரு."

இந்த 'சூடு பத்தல' விஷயத்தில்தான் பேச்சிலர்கள் மாட்டுவார்கள். பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி, அது எரிந்து முடியும் வரை பொறுமையாக இருந்து, அப்புறம் பம்ப் அடிக்க வேண்டும். ஸ்பிரிட் தனியாக வாங்கக் காசு? கிண்ணத்திலும் சீமெண்ணெய்தான். பசி வேறு. பாதியில் பம்ப் அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீய்ச்சியடித்து, தீ ஆளுயரத்துக்கு எழும்பும். மேலே கொடியில் லுங்கி, பனியன்.

இன்னொன்று, எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுவது. குழம்பு பாதியில் இருக்கும், தீ மங்கும். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கிற அழுத்தம் எண்ணெயைத் தூவானமாக வெளியே தள்ளும். பக்கத்திலேயே நெருப்பு. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். காற்றைத் திறந்துவிட்டு அணைக்க வேண்டும், ஆறவிட வேண்டும், அதன் பிறகுதான் எண்ணெய். அதுவும் முக்கால் டாங்க். கழுத்துவரை ஊற்றினால் காற்றுக்கு எங்கே இடம்?

எண்ணெயும் சுத்தமாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி சீமெண்ணெய் 35 டிகிரி செல்ஷியஸ் வரைக்கும் பற்றுகிற அளவுக்கு ஆவி விடக் கூடாது. பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரியிலேயே விட ஆரம்பித்துவிடும். அதனால்தான் டூவீலரிலிருந்து எடுத்த பெட்ரோலைக் கொஞ்சம் கலந்தால் கூட ஸ்டவ் வெடிகுண்டு. நம்மூர் மே மாத வெயில் 40-ஐத் தொடுகிறது. மொட்டை மாடியில் வெயிலில் வைத்த கேன், நல்ல சீமெண்ணெயாகவே இருந்தாலும், அந்த 35-ஐத் தாண்டியிருக்கும். கேனை நிழலில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். எழுபது, எண்பதுகளில் பேப்பரைத் திறந்தால் ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வரும்: ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு. ஒரே வீட்டில் மாமியாரும் சமைத்திருப்பார், நாத்தனாரும் சமைத்திருப்பார். ஸ்டவ் மட்டும் மருமகளைப் பார்த்துத்தான் வெடிக்கும். 'ரொம்ப வெவரமான ஸ்டவ்வு' என்றார் பெரியவர், சிரிக்காமல். போலீஸ்காரர்கள் அவரிடமே சில ஸ்டவ்களைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்களாம். டாங்கில் ஒரு கீறல் கூட இருக்காதாம்.

நாடு முழுக்க இதே கதை நடந்த பிறகுதான் சட்டம் மாறியது. 1983-ல் 498-ஏ, 1986-ல் வரதட்சணை மரணத்துக்கென்றே 304-பி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் தீக்காயத்தில் ஒரு பெண் செத்து, அதற்கு முன் வரதட்சணைக் கொடுமை இருந்தது என்று தெரிந்தால், புருஷன் வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 80-வது பிரிவு. நிஜமாகவே ஸ்டவ்வால் வெந்தவர்களும் உண்டு. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுக்கு இரண்டு வகையும் வந்தது. எது எது என்று பிரித்துச் சொல்லவாவது ஸ்டவ் எப்படி வேலை செய்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

டொரண்டோவில் கட்டட வேலை பார்க்கிற என் சிநேகிதன் ஒருவனிடம் போனில் இதைச் சொன்னேன். சிரித்தான். அங்கே குளிர்காலத்தில் சைட்டில் சீமெண்ணெய் ஹீட்டர் வைப்பார்களாம். பீரங்கி மாதிரி நீளமாக இருக்கும். உள்ளே ஃபேன். எண்ணெயைத் தூறலாக்கி எரித்து, சூட்டை 'ஹோ' என்று முன்னால் தள்ளும். "ரூல்ஸ் எல்லாம் உங்க பாட்டி சொன்னதுதான்டா. அணைச்சு ஆறினப்புறம்தான் எண்ணெய். பெட்ரோல் கலக்கக் கூடாது. கதவு, ஜன்னல் திறந்திருக்கணும். முன்னால எட்டடிக்குத் துணி, மரம், பெயின்ட் டப்பா எதுவும் கூடாது. ஸ்விட்சை அணைச்சதும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது, ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி உள்ளே குளிரணும்" என்றான். நம் ஊரில் ஃபேனுக்குப் பதில் கை பம்ப். வேறென்ன?

2017 மே மாதம் வடபழனியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடித்து நாலு பேர் இறந்தார்கள். அதற்கும் ஸ்டவ்வுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் புகை ஏறிய படிக்கட்டைத் தாண்டி இறங்க முடியவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து எந்த பேச்சிலர் ரூமுக்குப் போனாலும் அடுப்பு எங்கே, கதவு எங்கே என்றுதான் என் கண் போகிறது. பெரும்பாலும் அடுப்பு கதவோரம்தான் இருக்கிறது, காற்றோட்டத்துக்காம்! தீப்பிடித்தால் குதித்துத் தாண்டவா? அடுப்பு உள்பக்கம், ஜன்னலோரம் இருக்கட்டும். நீங்கள் கதவுப் பக்கம் இருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலோ, நனைத்துப் பிழிந்த சாக்கோ இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து போய் ரூம் பூராவும் பற்றவைக்கும். உடம்பில் பட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். இங்க், டூத்பேஸ்ட், இட்லி மாவு இதெல்லாம் வேண்டாம். மாவை இட்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரண் ஸ்டவ்வை என்ன செய்வது? பெரியவர் இரண்டே வழி சொன்னார். வாஷர் எல்லாம் மாற்றி, பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டவெளியில் எரித்துப் பார்த்து வைத்திருப்பது. அது முடியாதென்றால் எடைக்குப் போட்டுவிடுவது. "சும்மா வெச்சிருக்கறதுதான் டேஞ்சர்." பேச்சிலர்களுக்கு இப்போது அடையாள அட்டை காட்டினால் 5 கிலோ சிலிண்டரே கிடைக்கிறது, ரேஷன் கார்டு வேண்டாம்.

பேசிக்கொண்டே சாக்கில் இருந்த ஸ்டவ்வை எனக்காகப் பற்றவைத்துக் காட்டினார். கிண்ணத்தில் ஸ்பிரிட். அது எரிந்து அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் நாலே நாலு பம்ப். நீலப் பூ மாதிரி விரிந்து, 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரே சுருதி. தெருவில் போன இரண்டு சின்னப் பசங்கள் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். டாங்கைக் குலுக்கிப் பார்த்தேன், எண்ணெய் அடியில்தான் இருந்தது. கேனைப் பார்த்தேன். பெரியவர் திருகைத் திருப்பினார். 'புஸ்' என்று காற்று இறங்கி, சத்தம் நின்றது.

"கேனைக் கீழ வைய்யி தம்பி. இது ஆறட்டும். அதுக்குள்ள ஒரு டீ சாப்டுட்டு வந்துரலாம்."