கூடை விளக்கும் பின் ஹோல்டரும்

மக்களே, வீட்டுக் கூரையில விளக்கு மாட்டுறதப் பத்தி எழுதப் போறேன். "இதுல எழுத என்ன இருக்கு?"ன்னுதான் நானும் நெனச்சிருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

எங்க வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில. தாமிரபரணி பக்கத்துல. பக்கம்னா, ராத்திரி சத்தம் இல்லாத நேரத்துல ஆத்தோட சத்தம் கேக்குற பக்கம். அப்பா போனப்புறம் கீழ்வீட்டுல அம்மா மட்டும். மாடியில ஒரு குடும்பம் வாடகைக்கு. நான் சென்னையில கணக்கு எழுதிப் பொழைக்கிறவன்.

2021ல ஆன்லைன்ல ஒரு விளக்கு வாங்கினேன். பிரம்புக் கூடையக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கும், உள்ள ஒரு எல்இடி பல்பு. அதோட விசேஷமே வயரிங் வேண்டாங்கறதுதான். நீள வயர், நுனியில பிளக், வயர்லயே ஒரு சுவிட்ச். கொக்கியில மாட்டு, வயரச் சுவரோரமா இறக்கு, பிளக்கச் சொருகு, முடிஞ்சுது. சுவத்த உடைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனுக்கு நாலு நாள் போன் அடிக்க வேண்டாம். பட்டாசல்ல நடுவுல ஒரு பழைய கொக்கி சும்மா இருந்துச்சு, அதுல தொங்க விட்டேன். அம்மா நிமிந்து பாத்துட்டு, "எய்யா, மீன் கூடைய எதுக்கு மோட்டுல கட்டித் தொங்க விட்டுருக்க?"ன்னு கேட்டா. ஆனா அந்த வெளிச்சம் அவளுக்குப் புடிச்சுப் போச்சு. ராத்திரியெல்லாம் எரிய விடுவா.

பிளக்க எங்க சொருகினேன்னு சொல்லணும்லா. டிவிக்குன்னு தரையில இருந்து ஒரு அடி உயரத்துல சாக்கெட். அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அது தரையில கெடக்கும். டிவி, செட்டாப் பாக்ஸ், கூட நம்ம கூடை. அந்தச் சாக்கெட்டு இன்வெர்ட்டர் லைன்ல இருந்துச்சு. கரண்டு போனா அம்மாவுக்கு சீரியல் நிக்கப்படாதுன்னு நான்தான் சொல்லிப் போடச் சொன்னேன். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடிப்படி வளைவுல. இத மனசுல வச்சுக்கிடுங்க.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிடுறேன்.

தாத்தா வீடு டவுன்ல, ஒரு வளவுக்குள்ள. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களைன்னு ரயில் மாதிரி நீளும். சுவத்து மேல தேக்குச் சட்டம் அடிச்சு, அது மேல கிளிப் வச்சு வயர் ஓடும். மோட்டுல மரவட்டக் கட்டை, அதுல சீலிங் ரோஸ், அதுல இருந்து நூல் சுத்தின முறுக்கு வயர், நுனியில கறுப்பு பேக்கலைட் ஹோல்டர், அதுல நாப்பது வாட் குண்டு பல்பு. மொத்தப் பட்டாசலுக்கும் அந்த ஒரு பல்புதான். பாபநாசத்துல 1944ல இருந்து மின்சாரம் எடுக்கிறாங்க. "மலையில விழுத தண்ணிதாம்ல இங்க எரியுது"ன்னு தாத்தா அந்த பல்பக் காட்டிச் சொல்லுவார். எனக்கு ரொம்ப நாள் பல்புக்குள்ள தண்ணியத் தேடின ஞாபகம் :-)

அந்த வீட்டுல பிளக் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணு, ரேடியோவுக்கு. இஸ்திரிப் பெட்டி போடணும்னா சித்தப்பா ஸ்டூல் மேல ஏறி பல்பக் கழட்டிட்டு, அந்த எடத்துல ஹோல்டர் பிளக்க மாட்டுவார். பல்பு மாதிரியே ரெண்டு காது வச்ச அடாப்டர். அமுக்கித் திருப்பினா நின்னுக்கிடும், கீழ ரெண்டு ஓட்டையில வயரச் சொருகலாம். மோட்டுல இருந்து தொங்குற வயர்ல இஸ்திரிப் பெட்டி! அந்த மெல்லிசு வயருக்கு அது தாங்குற சுமையே இல்ல. சித்தப்பா சட்டை தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள வயர் சூடாகி ரப்பர் வாடை வரும். அந்த வாடை இப்பவும் மூக்குல இருக்கு.

இந்தக் கூத்து நம்ம ஊர்ல மட்டும்னு நெனச்சிராதீங்க. கரண்டு வந்த புதுசுல வீட்டுக்குள்ள அது வந்ததே விளக்குக்காகத்தான், சுவத்துல சாக்கெட்டுங்கறதெல்லாம் பொறவு வந்த சங்கதி. அமெரிக்காவுல ஹார்வி ஹப்பெல்ங்கறவர் 1904ல கழட்டி மாட்டுற பிளக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அது சொருகினது விளக்கு ஹோல்டர்லதான். ஜப்பான்ல ஒசாகாவுல 1918ல மட்சுஷிதா கம்பெனி ஆரம்பிச்சப்போ வித்ததும் இதே மாதிரி சாமான்தான்: ஹோல்டர்ல மாட்டுற பிளக்கும், ஒரே ஹோல்டர ரெண்டாப் பிரிக்கிற சாக்கெட்டும். அந்தக் கம்பெனிதான் இப்போ பானசோனிக். சித்தப்பா தேய்ச்ச சட்டையில இருந்து பானசோனிக் வரைக்கும் ஒரே வயர்தான் ஓடியிருக்கு.

சரி, கொசுவத்திய அணைச்சுட்டு வெள்ளத்துக்கு வாரேன்.

2023 டிசம்பர் 17. பேஞ்ச மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஒரு வருஷ மழைய ஒரு நாள்ல கவுத்துட்டுப் போச்சு. எங்க ஊர்ல குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்குன்னு பாத்துதான் வெள்ளத்துக்குக் கணக்கு சொல்லுவாங்க. அன்னைக்குக் கணக்கு சொல்லக் கரையில நிக்க எடம் இல்ல. சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணேன். "1992 வெள்ளத்துலயே வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருச்சுல்லா, உள்ள வராதும்மா, பயப்படாதே"ன்னேன். பெரிய வானிலை நிபுணர் மாதிரி.

ராத்திரியோட போன் போச்சு. ரெண்டு நாள் ஒரு தகவலும் இல்ல. நான் சென்னையில டிவி முன்னால உக்காந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கிக் கெடக்குறதப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ரெண்டு நாளப் பத்தி எழுதத் தெம்பு இல்ல. மூணாம் நாள் மாடி வீட்டுத் தம்பி எங்க இருந்தோ சிக்னல் புடிச்சுப் பேசுனான். அம்மா மாடியில பத்திரம்.

ஊருக்குப் போய்ச் சேந்தப்போ தண்ணி வடிஞ்சு பட்டாசல் பூரா கரம்பை மண்ணு. சுவத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. மண்ண வாரிக்கிட்டே அம்மா சாவகாசமாச் சொன்னா:

"தண்ணி உள்ள வரவும் ஈ.பி. கரண்டு போயிருச்சு. நான் மாடிக்கு ஏறிட்டேன். திரும்பிப் பாத்தா ஒன் கூடை மட்டும் எரியுது. கீழ பூராத் தண்ணி, மேல ஜெகஜோதியா வெளக்கு. தண்ணிக்குள்ள பிளக்கு கெடக்கே, அதப் புடுங்கிருவோம்னு ரெண்டு படி எறங்குனேன். கால்ல சுர்ருன்னு இழுத்துச்சு பாத்துக்கோ. சர்தான், இது நல்லதுக்கில்லன்னு மேல ஏறி அந்தப் பேட்டரிப் பெட்டிய அமத்திட்டேன்."

அவ்வளவுதான். அடுத்த சட்டி மண்ண எடுக்கப் போயிட்டா. நான் தார்சாவுல போய் உக்காந்துட்டேன். ஏழு படி. அவ எறங்கினது ரெண்டு. மூணாவதுல கால வச்சிருந்தா?

மெயின அமத்தியிருந்தாக்கூட அந்த விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்கும். இன்வெர்ட்டருக்கு மெயினப் பத்தி என்ன கவலை. ஈ.பி. கரண்டு போனதும் பேட்டரியில இருந்து 230 வோல்ட்ட எடுத்து தண்ணிக்குள்ள கெடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு விசுவாசமா அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு.

பேட்டையில இருந்து எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். வெள்ளத்துக்குப் பொறவு அந்தத் தெருவுல அவருக்குத்தான் கல்யாண மாப்பிள்ளை மரியாதை. மெக்கர் வச்சு ஒவ்வொரு லைனாச் சோதிச்சார். மேல ஓடுற லைட்டு, ஃபேன் லைன் எல்லாம் ஒரு குறையும் இல்ல. கீழ்ச் சாக்கெட்டுக்கு எறங்குற பைப் பூராவும் தண்ணி. சுவத்துக்குள்ள பதிச்ச பைப்புல புகுந்த தண்ணி லேசுல காயாது. வயர உருவி எடுத்தா சேறும் கூடவே வருது.

நான் அவர்ட்ட கதையச் சொல்லி, "இனி இந்த வீட்டுல பிளக்குல எரியுற லைட்டே வேண்டாம் அண்ணாச்சி. எல்லாத்தையும் மோட்டுலயே நேரா வயர் இழுத்து முடுக்கிருங்க"ன்னேன்.

அவர் உடனே தலையாட்டல. "தம்பி, லைட்டு மேல பழியப் போடாதீய. வெளக்கு இல்லாட்டாலும் அந்தச் சாக்கெட்டுல கரண்டு நிக்கத்தான செய்யும்?"

அம்மா குறுக்க வந்தா. "டிவி பாத்து முடிச்சா நான் சுவிட்ச அமத்திருவேன் அண்ணாச்சி. இந்தக் கூடை வந்த பொறவுதான் அமத்தாம விட்டேன்."

ஆக, பழி எங்க வந்து நிக்குதுன்னு பாத்தீங்கல்லா? விளக்கு மேலயும் இல்ல, பிளக் மேலயும் இல்ல.

அண்ணாச்சி டீயக் குடிச்சுக்கிட்டே ஒரு பாடம் எடுத்தார். நேரா வயர் இழுத்த விளக்குன்னா, சுவத்து சுவிட்சுக்கு வாறது ஃபேஸ். ஒழுங்கா வயரிங் பண்ணியிருந்தா சுவிட்ச அமத்தினதும் ஹோல்டர்ல ஒண்ணும் இருக்காது. ரெண்டு பின் பிளக்கத் திருப்பியும் சொருகலாம். அப்படிச் சொருகினா வயர்ல இருக்க சுவிட்ச் நியூட்ரலத்தான் வெட்டும். வெளக்கு அணைஞ்சிருக்கும், ஹோல்டர்ல கரண்டு நிக்கும். அதுலயும் திருகுற மாடல் ஹோல்டர்னா அந்த மரையிலயே கரண்டு இருக்கும், பல்பு மாட்டுறப்போ விரல் பட்டாப் போச்சு.

"அப்போ பிளக்கே வேண்டாம்னுதானே சொல்லுதீய?"

"எங்க சொன்னேன்? இப்ப வார பேனல் லைட்டு, சரவிளக்கு எல்லாம் உள்ள ஒரு டிரைவர் போச்சுன்னா மொத்தமாக் கழட்டணும். ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறி, டேப்ப உரிச்சு, முறுக்கிய பிரிச்சு... அம்மைக்கு எழுபத்தி நாலு வயசு. நான் நாலு நாள் கழிச்சு வருவேன். அதுவரைக்கும் இருட்டுல இருப்பாகளா?"

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. தாத்தா வீட்டு பின் ஹோல்டரே ஒரு பிளக்தானே! மோட்டுல வயரிங் நிரந்தரம், பல்பு மட்டும் அமுக்கித் திருப்பினா கையில வந்துரும். அதுக்கு எலக்ட்ரீஷியன் வேண்டாம். பழைய ஆளுக இந்தச் சண்டைய எப்பவோ தீத்து வச்சிருக்காங்க. நாமதான் பல்பையும் விளக்கையும் ஒண்ணா ஒட்டி வித்துட்டு, திரும்பவும் முதல்ல இருந்து யோசிக்கிறோம்.

ஜப்பான்ல மோட்டுலயே ஒரு வட்டச் சாக்கெட் இருக்குமாம். விளக்க அதுல வச்சுத் திருகினா நின்னுக்கிடும், வீடு மாறும்போது கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. பிரான்ஸுலயும் புது வீடுகள்ல விளக்குக்குன்னே தனி சாக்கெட் வச்சுக் குடுக்கிறாங்க. ஜெர்மனியில குடி போனா மோட்டுல வயர் நுனி மட்டும் எட்டிப் பாக்குமாம், விளக்கு நம்ம பாடு. அண்ணாச்சிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அவ்வளவு தூரம் எதுக்குப் போணும், நான் போட்டுத் தாரேன்"ன்னுட்டார்.

போட்டும் தந்தார். கீழ்ச் சாக்கெட் எல்லாத்தையும் வெள்ளக் கோட்டுக்கு மேல நாலரை அடிக்கு ஏத்தியாச்சு. லைட்டு லைன் தனி, சாக்கெட் லைன் தனி, ஒவ்வொண்ணுக்கும் தனி எம்சிபி. இன்வெர்ட்டர்ல லைட்டும் ஃபேனும் மட்டும். சீரியல் கரண்டு வந்த பொறவு பாத்தாப் போதும்னு அம்மாவே சொல்லிட்டா. முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மெயின்ல ஒண்ணு, இன்வெர்ட்டர் லைனுக்குத் தனியா ஒண்ணு. மெயின்ல இருக்கது பேட்டரி ஓடும்போது காவலுக்கு வராதாம், இது எனக்குப் புதுசு. அடுக்களையிலயும் ரெண்டாங்கட்டுலயும் சுவத்துல பின் ஹோல்டர், பல்பு மாத்த மாடி வீட்டுத் தம்பி ஸ்டூல் இல்லாம எட்டுற உயரத்துல.

பட்டாசல்ல கொக்கிக்குப் பக்கத்துல, மோட்டுலயே ஒரு மூணு பின் சாக்கெட். சுவத்துல இருக்க சுவிட்சு அதுக்கு. கூடையோட பாரம் கொக்கியில, வயர்ல இல்ல. வயர ஒரு அடியா வெட்டி, மூணு பின் பிளக் போட்டாச்சு. இனி திருப்பிச் சொருக முடியாது.

அதுக்கு அடுத்த வருஷம், 2024 டிசம்பர். திரும்பவும் மழை. நான் போன் பண்ணதும் அம்மா சொன்னா, "கூடையக் கழட்டி மாடிக்குக் கொண்டு போயாச்சு எய்யா. மேல் வீட்டுத் தம்பிதான் ஏறிப் புடுங்குனான்."

"ஏம்மா, அது மோட்டுலதான இருக்கு. அவ்வளவு உயரத்துக்கா தண்ணி வரப்போகுது?"

"போன தடவயும் வராதுன்னுதான சொன்னே"ன்னுட்டு போன வச்சுட்டா.